மகளின் பிறந்த தேதியும் மொபைல் எண்ணும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன: நீக்கச் சொல்ல முடியுமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது, நீளம் தாண்டுதலில் பயிற்சி எடுக்கிறாள். அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அவளுடைய தனியார் கிளப் மாஸ்டர்தான் விண்ணப்பித்தார். ஆதார், பிறப்புச் சான்றிதழ், வங்கி பாஸ்புக், மணிக்கட்டு எக்ஸ்ரே எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார். பிறகு வந்த தேர்வுப் பட்டியல் பிடிஎஃப்பில் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, என் மொபைல் எண், அவளுடைய உயரம், எடை எல்லாமே இருந்தன. அது பல குழுக்களில் சுற்றுகிறது. ‘சீட் வாங்கித் தருகிறோம்’ என்று தினமும் போன் வருகிறது. இதையெல்லாம் நீக்கச் சொல்ல முடியுமா? கேட்டால் அவளுடைய வாய்ப்பு கெட்டுவிடுமா? மாஸ்டர் தேர்வுக் குழுவில் இல்லை.

பதில்: நீக்கச் சொல்ல முடியும், அம்மா. தகவலைக் காக்கச் சொல்லிக் கேட்டதற்காக ஒரு பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க எந்த விதியும் இடம் தரவில்லை. தயங்காமல் கேளுங்கள். ஆனால் முதலில் அந்த போன்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவசரம் அங்கேதான் இருக்கிறது.

போன் செய்கிறவர் கையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. “உங்க பொண்ணு உயரம் இவ்வளவு, எடை இவ்வளவுதானே? வெயிட்டிங் லிஸ்ட்ல ரெண்டாவதா இருக்கா, மேலே பேசி ஏத்திடலாம்” என்பார். உயரமும் எடையும் சரியாகச் சொல்வதால், அலுவலகத்திலிருந்துதான் பேசுகிறார் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். ஊருக்கே தெரிந்த பட்டியலைப் பார்த்து வாசிப்பதற்கு அலுவலகத்தில் ஆள் தேவையில்லை. அரசு விடுதித் தேர்வில் ஏஜென்ட் கட்டணம், ‘ஃபைல் நகர்த்தும்’ கட்டணம் என்று எதுவும் கிடையாது. பணம் கேட்ட எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிளாக் செய்யுங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் புகார் பதிவானால்தான் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

சரி, பட்டியலுக்கு வருவோம். தேர்வானவர் யார், என்ன மதிப்பெண் என்று எல்லோரும் பார்க்க வேண்டும். அது தேவை, இல்லாவிட்டால் தில்லுமுல்லு நடக்கும். அதற்குப் பதிவு எண், பெயர், மதிப்பெண் போதும். உங்கள் மொபைல் எண்ணால் வேறு எந்தப் பெற்றோருக்கும் ஒரு பயனும் இல்லை. பிறகு ஏன் வந்தது? பதிவுக்காகச் செய்த எக்செல் தாளையே மதிப்பெண் வாரியாக வரிசைப்படுத்தி, தேவையற்ற பத்திகளை நீக்காமல் அப்படியே பிடிஎஃப் ஆக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான். கெட்ட எண்ணம் இல்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஐந்து நிமிட வேலையைச் செய்யாததால் 14 வயதுப் பெண்ணின் உடல் அளவுகள் முன்பின் தெரியாத ஆண்களின் போனில் கிடக்கின்றன. இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

யாரிடம் கேட்பது என்பது, பட்டியலை வெளியிட்டது யார் என்பதைப் பொறுத்தது. பிடிஎஃப்பின் தலைப்பைப் பாருங்கள். இந்திய விளையாட்டு ஆணையம் என்றால் அது மத்திய அரசு. அதன் தென் மண்டல மையம் மைசூரு ரோட்டில் ஞானபாரதி வளாகத்தில் இருக்கிறது. கர்நாடக இளைஞர் மற்றும் விளையாட்டுத் துறை என்றால் அது மாநிலம். நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரு அலுவலகத்தின் தவறுக்கு இன்னொரு அலுவலகத்தில் போய் நிற்கிறார்கள். அவர்களும் ‘இங்கே இல்லை, அங்கே போங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நேரில் போய் நிற்கவே வேண்டாம். எழுத்தில் கேளுங்கள்.

அந்த பிடிஎஃப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எந்தத் தளத்தில் இருந்தது, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு மையத்தின் தலைமை அதிகாரிக்கு மின்னஞ்சல். அரசு இணையதளத்தின் அடிப்பகுதியில் ‘வலைத்தளத் தகவல் மேலாளர்’ (வெப் இன்பர்மேஷன் மேனேஜர்) என்ற பெயரில் ஒருவருடைய முகவரி இருக்கும், அவருக்கும் ஒரு பிரதி. எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘என் மகள் 18 வயதுக்குக் கீழானவர். இந்தப் பட்டியலில் அவருடைய பிறந்த தேதி, பெற்றோர் மொபைல் எண், உடல் அளவுகள் பொதுவில் உள்ளன. இந்தக் கோப்பை உடனே நீக்கி, பதிவு எண், பெயர், மதிப்பெண் மட்டும் கொண்ட பட்டியலை வெளியிடுங்கள். நீக்கிய விவரத்தை எழுத்தில் தெரிவியுங்கள்.’ ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதுங்கள். கோபத்தைக் காட்டாதீர்கள், மாஸ்டரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம். பதில் வராவிட்டால், மத்திய அமைப்பு என்றால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் புகார் செய்யுங்கள், 21 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது நெறிமுறை. மாநிலம் என்றால் கர்நாடக அரசின் குறைதீர்ப்புச் சேவையான ஜனஸ்பந்தன, தொலைபேசி எண் 1902. தளத்திலிருந்து எடுத்துவிட்டாலும் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். குழு அட்மின்களிடம் அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

‘தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, அதில் 250 கோடி அபராதமாமே’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. தகவலைத் திருத்தச் சொல்லும், நீக்கச் சொல்லும் உரிமை உள்ளிட்ட முக்கியமான பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது 2017-ல். அந்த உரிமையை ஒரு சாதாரணக் குடும்பம் ஒரு படிவத்தில் எழுதிக் கேட்பதற்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள்! அப்போதும் அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும், உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. ஆகவே அந்தச் சட்டத்தைக் காட்டி ‘வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போதைக்குக் கையில் உள்ள நல்ல கருவி தகவல் உரிமைச் சட்டம். மத்திய அமைப்புக்கு ஆன்லைனிலேயே 10 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம், 30 நாட்களில் பதில் தர வேண்டும். உங்கள் மகளின் கோப்பு நகல், பட்டியலை வெளியிட ஒப்புதல் அளித்த குறிப்பு, அந்தக் கோப்பை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பார்கள் என்ற உத்தரவு, இவற்றைக் கேளுங்கள். மற்ற பிள்ளைகளைப் பற்றிக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க இடம் தரும் 8(1)(ஜே) பிரிவு 2025 நவம்பர் முதல் மாறியிருக்கிறது. ‘தனிப்பட்ட தகவல்’ என்ற இரண்டே சொற்களில் மறுப்பது இப்போது எளிதாகிவிட்டது. உங்கள் மகளின் மதிப்பெண் தாளைக் கேட்டாலும் இதே பதிலை அனுப்பப் பார்ப்பார்கள். ஊருக்கெல்லாம் காட்டிய பிறகு தாய்க்கு மட்டும் மறுப்பதா? 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். தன் பிள்ளையின் தகவலைப் பெற்றோர் கேட்கிறார் என்பதை அதில் தெளிவாக எழுதுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ‘நீக்குங்கள்’ என்று கேட்கவே முடியாது. ஊக்கமருந்து சோதனை. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் குழப்பிக்கொள்வது இதில்தான். உங்கள் மகள் மாநில, தேசிய அளவுக்கு உயர்ந்தால் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் ஆட்கள் போட்டியிலோ பயிற்சியிலோ வந்து மாதிரி எடுக்கலாம். மறுத்தால் மறுப்பே விதிமீறல். விதிமீறலுக்கு 10 ஆண்டுகள் வரை நடவடிக்கை எடுக்கலாம் என்பதால் மாதிரியையும் பதிவுகளையும் அவ்வளவு காலம் வைத்திருக்க முடியும். சோதனைப் படிவத்தில் கடைசி ஏழு நாட்களில் சாப்பிட்ட மருந்து, சத்து மாவு, ஊசி எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். மறைக்காமல் எழுதட்டும். அதே படிவத்தில், மிஞ்சிய மாதிரியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். அது மட்டும் விருப்பம், வேண்டாம் என்று குறித்தால் ஒன்றும் ஆகாது. 18 வயதுக்குக் கீழானவர் தன்னோடு ஒரு பெரியவரை வைத்துக்கொள்ளலாம். நீங்களே போங்கள், இல்லாவிட்டால் நம்பிக்கையான பெண் ஒருவரை அனுப்புங்கள். தினமும் எங்கே இருப்பீர்கள் என்று ஒரு மணி நேர இடைவெளியைக் குறித்துத் தரும் கடமை சோதனைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட வீரர்களுக்கு மட்டும்தான், அதை முறைப்படி எழுத்தில் தெரிவிப்பார்கள். ‘டோப்பிங் ரூல் மேடம்’ என்று சொல்லி மகள் எங்கே தங்குகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள் என்று போனில் கேட்கிறவர் யாராக இருந்தாலும் சரி, சொல்லாதீர்கள்.

இனி மாஸ்டர். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அவர் போன் கேலரியில் இப்போது எத்தனை பிள்ளைகளின் ஆதார் இருக்கிறது? அந்த போன் ரிப்பேருக்கு எஸ்.பி. ரோடு கடைக்குப் போனால்? பதிவை அவரே செய்தார் என்றால், விண்ணப்பத் தளத்தில் மகளின் கணக்கு பெரும்பாலும் அவருடைய மொபைல் எண்ணிலும் மின்னஞ்சலிலும்தான் இருக்கும். ஓடிபி அவருக்குப் போகும். நாளைக்கு நீங்கள் கிளப் மாற நினைத்தால் அந்தக் கணக்கே பூட்டாகிவிடும். இந்த வாரமே அதைத் திறந்து உங்கள் எண்ணுக்கும், மகளுக்காக நீங்கள் தொடங்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றுங்கள். விளையாட்டுச் சான்றிதழ்களும் அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக வரத் தொடங்கிவிட்டன, அங்கும் உங்கள் எண்தான் இருக்க வேண்டும். மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவில் தேர்வானால் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வங்கிக் கணக்கில் வரும். அதற்காகவே பாஸ்புக் நகலோடு கையெழுத்திட்ட காசோலையையும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுதாத காசோலையில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் பக்க நகல் போதும்.

சைபர் சென்டரிலும் இதே கதைதான். வாட்ஸ்அப் வெப் திறந்து பிரிண்ட் எடுத்தால், எழுவதற்கு முன் உங்கள் போனில் ‘இணைந்த சாதனங்கள்’ பகுதிக்குப் போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். டவுன்லோட் ஆன கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லி நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆதார் நகலில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ உண்டு, ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே, நகலைக் கண்டவரிடம் தராதீர்கள், மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. சரியான அறிவுரை சொன்னதற்கு ஏன் பயம் என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. நீங்கள் அந்த அறிவுரையையே பின்பற்றுங்கள்.

வயதுக்கு ஆதார் சான்று ஆகாது, ஆதார் ஆணையமும் அப்படிச் சொல்லியிருக்கிறது, 2024-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்தான் முக்கியம். இங்கேதான் பெங்களூரு தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருப்போம், சான்றிதழ் கிருஷ்ணகிரியிலோ வேலூரிலோ வாங்கியதாக இருக்கும், இனிஷியல் வேறு மாதிரி இருக்கும். ‘தமிழ்நாடு சர்டிபிகேட் இங்கே செல்லாது, நான் பெங்களூருவிலேயே ஒண்ணு போட்டுத் தர்றேன்’ என்று ஒருவர் வருவார். கூடவே ஒரு வயதையும் குறைத்துத் தருவார். பொய், அம்மா. எந்த மாநிலத்தில் பதிவான பிறப்பும் நாடு முழுக்கச் செல்லும். இரண்டு சான்றிதழ் வெளிப்பட்டால் வயது மோசடி என்று தடை வருவது உங்கள் மகளுக்கு, அவருக்கு அல்ல. இனிஷியல் திருத்தத்தைப் பதிவு செய்த அலுவலகத்திலேயே செய்யுங்கள்.

அந்த எக்ஸ்ரே எதற்காக எடுக்கப்பட்டது? எலும்பு வளர்ச்சியை வைத்து வயது கணிக்கும் சோதனை தேவைப்பட்டால் அமைப்பே அனுப்பி எடுக்கும். மாஸ்டர் முன்கூட்டியே ‘பார்த்துவைக்க’ எடுக்கச் சொல்லியிருந்தால் அதற்கு நல்ல காரணம் எதுவும் இருக்க முடியாது. படத்தையும் அறிக்கையையும் திரும்ப வாங்கிவிடுங்கள். மாதவிடாய், நோய் பற்றிய மருத்துவ விவரங்களை இனி மையத்தின் மருத்துவரிடம் மட்டும், ஒட்டிய கவரில் கொடுங்கள்.

மாஸ்டரிடம் சண்டை வேண்டாம். “மாஸ்டர், பதிவு முடிஞ்சிருச்சு, பாப்பாவோட டாக்குமெண்ட் எல்லாத்தையும் உங்க போன்ல இருந்து எடுத்துடுங்க, வேணும்னா நானே கொண்டு வந்து காட்டறேன்” என்று வாட்ஸ்அப்பிலேயே அனுப்புங்கள், எழுத்தில் இருக்கும். அவருக்குத் தேர்வுக் குழுவில் இடமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் தாண்டிய தூரத்தைக் குறைக்க அவரால் முடியாது.