அம்மா பெங்களூரில் 24 மணி நேர ஹோம் நர்ஸ் வேலை பார்க்கிறார். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் 70 கிலோ பெரியவரைக் கவனித்துக்கொள்கிறார். ஒரே வருடத்தில் முதுகும் தூக்கமும் போய்விட்டன. என்னென்ன கவனிக்க வேண்டும்?

வலி மாத்திரை வாங்குவதற்கு முன், அம்மா வேலை பார்க்கும் வீட்டுக் கட்டிலின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் 70 கிலோ பெரியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண வீட்டுக் கட்டில் மெத்தையோடு சேர்த்து ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டடி. டயப்பர் மாற்ற, உடம்பு துடைக்க, ஒவ்வொரு தடவையும் குனிந்தபடியே நிற்கவேண்டும். முதுகு போவதற்கு முதல் காரணம் இதுதான், வயது அப்புறம்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ், நோயாளியை ஒருவர் கையால் தூக்குவதற்கு வைத்திருக்கும் வரம்பு 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ. 70 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே 11 கிலோ வரும். இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கினாலே வரம்பு தாண்டிவிடும். ஆகவே தூக்கக்கூடாது, நகர்த்தவேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும். உயரம் ஏற்றி இறக்கும் வகையா என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். தலைப்பக்கம் மட்டும் ஏறுவது போதாது. வேலை செய்யும்போது மெத்தை அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு வரவேண்டும், முடிந்ததும் இறக்கிவிடவேண்டும். நோயாளி தானாக எழ முயல்பவராக இருந்தால், இறக்க மறந்த கட்டிலிலிருந்து விழுவார்.

நோயாளி அடிக்கடி கால்பக்கம் சரிகிறாரா? முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காமல் தலைப்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் அப்படித்தான் ஆகும். முதலில் முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி, பிறகு தலையை ஏற்றினால், மேலே இழுக்கும் வேலையில் பெரும்பகுதி மிச்சம். இழுத்தே ஆகவேண்டுமென்றால் கட்டிலை மட்டமாக்கி, பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்துக்கொள்ளவேண்டும். ஆளுக்கொரு பக்கம் நின்று, துணியின் ஓரத்தை நோயாளி உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, சேர்ந்து எண்ணி நகர்த்தவேண்டும். காற்று மெத்தை என்றால் அந்த நேரத்துக்குக் கெட்டியான நிலைக்கு மாற்றவேண்டும். ஆள் புதைந்து கிடந்தால் இழுப்பது இன்னும் கஷ்டம். இரண்டாவது ஆள் வீட்டுக்காரர்தான். இதை முதல் நாளே பேசிவிடவேண்டும்.

தனியாகப் புரட்டும்போது, எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அந்தப் பக்கம் நின்று, நோயாளியின் எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, எதிர்ப்பக்கத் தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, அம்மா தன் ஒரு காலைப் பின்னால் எடுத்து உடல் எடையால் இழுக்கவேண்டும். தன் கழுத்தை நோயாளி கட்டிக்கொள்ள விடவே கூடாது. பெரியவர் பாசமாகத்தான் பிடிப்பார், கழுத்து நரம்பு போய்விடும்.

இனி தூக்கம். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டு என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தால், அந்த வீட்டில் 24 மணி டியூட்டி பார்ப்பவர் தூங்கவே முடியாது. நல்ல காற்று மெத்தை இருந்து, தோல் சிவக்காமல் இருந்தால், இரவில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். இரண்டாம் வேளை நீர் மாத்திரையைச் சாயந்திரம் நாலு மணிக்குள் கொடுக்கலாமா என்பதும் கேட்கவேண்டியது. இரவு எட்டுக்குக் கொடுத்தால் விடியும்வரை டயப்பர்தான். இரண்டும் முடியாதென்றால் இரவுக்கு வேறொருவர் வேண்டும்.

சர்க்கரை நோயாளி வீடு என்றால் இன்சுலின் ஊசி. மூடியைத் திரும்பப் போடும்போதுதான் குத்தும். தடிமனான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கட்டில் பக்கத்திலேயே வைத்து, ஊசி போட்டு முடித்ததும் மூடாமல் அதில் போடவேண்டும். தப்பித்தவறி அம்மா கையில் குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும். ரத்தத்தைப் பிழியவோ, வாயில் வைக்கவோ, பிளீச்சிங் ஊற்றவோ கூடாது. உடனே பௌரிங், விக்டோரியா போன்ற அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது; 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை; 28 நாள் சாப்பிடவேண்டும். ஆனால் இதைவிட எளிதாகத் தொற்றுவது மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி). அதற்குத் தடுப்பூசி உண்டு: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. வேலைக்குச் சேரும் முன்பே போட்டிருக்கவேண்டியது.

கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ எடுத்து வந்தவரைப் பார்த்துக்கொண்டால், அடுத்த 48 மணி நேரம் சிறுநீர், வாந்தி எதைத் தொட்டாலும் கையுறை வேண்டும். கழிவறையில் ஆசிட் கிளீனரும் பிளீச்சிங்கும் சேரக்கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஆக்சிஜன் ஓடும் அறையில் சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் ஏற்றவேண்டாம். வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

மறதி நோய் உள்ளவர் “என் வளையலை எடுத்துட்டா” என்று சொல்லலாம். அது நோய் பேசுவது. ஆனாலும் பீரோ சாவியை அம்மா கையில் வாங்கவே கூடாது. மருந்து, சாப்பாடு, தோல் நிலை, வந்துபோனவர் எல்லாம் நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதி, தினமும் வீட்டாரின் கையெழுத்து வாங்கவேண்டும்.

வீட்டு ஆண்கள் பாலியல் தொல்லை கொடுத்தால், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி வீடும் பணியிடம்தான். மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், எழுதத் தெரியாவிட்டால் எழுதித் தரச் சொல்லலாம். உடனடி ஆபத்துக்கு 112. மனசு தாங்காமல் அழுகையாக வந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ், தமிழிலும் பேசலாம், காசு இல்லை. ஏஜென்சிக்காரர் அசல் ஆதாரைக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள்.