"எங்கள் வீட்டுப் பியானோவில் அந்த நோட் இல்லை, மிஸ்!"

கேள்வி: கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். பியானோவில் கிரேடு தேர்வுகளில் உச்சமான எட்டாம் கிரேடு முடித்திருக்கிறேன். ஏழு மாதங்களாக வீட்டிலேயே ஆறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். யாரும் ஒழுங்காகப் பயிற்சி செய்து வருவதில்லை. அவர்கள் சொல்லும் சாக்குகளைக் கேட்டுச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. அரை மணி நேர வகுப்பில் பத்து நிமிடம் கதையிலேயே போய்விடுகிறது. மூன்றாம் மாதமே பெற்றோர், "சினிமாப் பாட்டு எப்போது வாசிப்பான்?" என்று கேட்கிறார்கள். நான் சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேனா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி

பதில்: கடைசியாகக் கேட்டிருப்பதற்கு விடை, அதற்கு முன் நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகளிலேயே இருக்கிறது. வீட்டு வகுப்பில் நமக்குச் சிரிப்பை வரவழைக்கும் பேச்சுகளில் பெரும்பாலானவை, பிள்ளை தன் சிக்கலைத் தனக்குத் தெரிந்த சொற்களில் சொல்லும் புகார்கள்தாம். இதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன்.

சென்னையில் வீட்டு முன்னறையில் வகுப்பு எடுக்கத் தொடங்கிய புதிதில், ஏழு வயதுப் பையன் ஒருவன் மூன்று வாரம் தொடர்ந்து இடது கைப் பாடத்தைப் பயிற்சி செய்யாமலே வந்தான். காரணம் கேட்டால், "எங்கள் வீட்டுப் பியானோவில் அந்த நோட் இல்லை, மிஸ்" என்று சிறிதும் சிரிக்காமல் சொல்வான். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான்காம் வாரம் அவனுடைய அம்மாவிடம் பேசியபோதுதான், பிறந்தநாள் பரிசாக வந்த 37 கட்டைகள் கொண்ட சிறிய கீபோர்டில் அவன் வாசித்துவந்தது தெரிந்தது. அதில் நடு 'சி'-க்குக் கீழே சில கட்டைகளோடு வாத்தியமே முடிந்துவிடுகிறது. நான் கொடுத்திருந்த பாடமோ அதற்கும் கீழே இறங்குவது. அந்த நோட் உண்மையிலேயே அவன் வீட்டில் இல்லை.

ஆகவே, பயிற்சி செய்யவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், பிள்ளைகள் எதில் வாசிக்கிறார்கள், எப்படி உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். 88 கட்டைகள் உள்ள பியானோ முதல் நாளே வேண்டியதில்லை. விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் 61 கட்டைக் கீபோர்டு ஏறத்தாழ ஓராண்டுக்குப் போதும். அதன் பிறகு, அசல் பியானோ போலவே அழுத்தும்போது கனக்கும் கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவுக்கு மாற வேண்டியிருக்கும் என்பதைச் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் கடைக்காரரோடு நமக்கு ஏதோ ஏற்பாடு இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். வாத்தியம் இருக்கும் உயரமும் முக்கியம். மணிக்கட்டைத் தொங்கவிடாதே என்று ஒரு சிறுமியை ஒரு மாதம் முழுக்கக் கண்டித்திருக்கிறேன். அவள் கீபோர்டைக் கட்டிலில் வைத்து, தான் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வருமாறு ஒரு நாற்காலியும் இரண்டு தலையணைகளும் கிடைத்ததும் மணிக்கட்டு தானாகவே நிமிர்ந்துகொண்டது.

கதைக்குப் போகும் பத்து நிமிடத்தை முழுவதும் வெட்டிவிடாதீர்கள். பள்ளியிலிருந்து நேராக வரும் பிள்ளைக்கு எதையாவது சொல்லித் தீர்த்தால்தான் காது திறக்கும். நான் அந்தக் கதையைப் பியானோவிலேயே சொல்லச் சொல்வேன். நாய் துரத்தியதென்றால் நாய் எந்தப் பக்கத்துக் கட்டை, ஓடியவன் எந்தப் பக்கம், நாய் நெருங்கும்போது சத்தம் கூடுமா, குறையுமா? மூன்று நிமிடத்தில் கதையும் முடியும். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி, உரத்து வாசிப்பது, மெல்ல வாசிப்பது ஆகியவையும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும்.

நம் ஊர் வகுப்புகளுக்கே உரிய ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். உங்களிடம் வருபவர்களில் ஓரிருவராவது கர்நாடக இசை வாய்ப்பாட்டும் கற்பவர்களாக இருப்பார்கள். ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியிடம் 'சி'-யைக் காட்டி, "இங்கிருந்து சங்கராபரணம் வாசி" என்றேன். மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேலுக்கு (ஸ்வர வரிசைக்கு) இணையான ராகம் அது. "இது என் ஸ இல்லை, மிஸ்" என்று கையைக் கட்டிக்கொண்டாள். அவள் சொன்னது சரிதான். நம் சுருதிக் கணக்கில் 'சி' என்பது ஒரு கட்டை, 'ஜி' என்பது ஐந்து கட்டை. சரி, உன் 'ஸ'-விலிருந்தே தொடங்கு என்று விட்டேன். 'ஜி'-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளாகவே ஏறிப்போனவள், 'எஃப்' வந்ததும் புளியங்காயைக் கடித்ததுபோல் முகத்தைச் சுளித்து, "ஐயய்யோ, ஹரிகாம்போஜி ஆகிவிட்டது!" என்றாள். நிஷாதம் ('நி') அரைப்படி குறைந்து வேறு ராகமாகிப்போனதை அவள் காது பிடித்துவிட்டது. பிறகு அவளாகவே தேடிப் பக்கத்துக் கறுப்புக் கட்டையைக் கண்டுபிடித்தாள். ஜி மேஜர் ஸ்கேலில் ஏன் ஒரு ஷார்ப் (அரைப்படி உயர்ந்த ஸ்வரம்) வருகிறது என்பதை மற்றப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப் புரியவைக்க எனக்கு இரண்டு வகுப்புகள் பிடிக்கும். இவளுக்கு மூன்று நிமிடம் பிடித்தது. பாட்டு கற்கும் பிள்ளை "தப்பு" என்று சொன்னால், எது தப்பு என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தைப் பியானோவில் கொண்டுவர முடியாது என்பதையும் அதே நாளில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கமகம் நிறைந்த பைரவி ராகத்தை வாசித்துக் காட்டும்படி கேட்டு உங்களைத் திணறடிப்பார்கள்.

இனி, பயிற்சி. "தினமும் அரை மணி நேரம் வாசி" என்பது ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் பொருளற்ற கட்டளை. அதற்குப் பதில், "இந்த நான்கு பார்களை (தாளப் பிரிவுகளை) வலது கையில் மட்டும், தவறில்லாமல் தொடர்ந்து மூன்று முறை" என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள். நான் மூன்று புளியங்கொட்டைகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவேன். ஒரு முறை சரியாக வாசித்தால் ஒரு கொட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகும். நடுவில் தவறினால் மூன்றும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் பிள்ளையின் முழுக் கவனமும் கிடைக்கும். புளியங்கொட்டை தொலைந்துவிட்டதால் ஒரு வாரமாகப் பயிற்சி செய்யவில்லை என்று வந்து நின்றவனும் உண்டு. இதற்கு விசாரணை தேவையில்லை; சிரித்துவிட்டு வேறு மூன்று கொட்டைகளைக் கொடுத்தால் போதும்.

சினிமாப் பாட்டு கேட்கும் பெற்றோரிடம் மறுத்துப் பேசாதீர்கள். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தை அதற்கென ஒதுக்கி, வலது கையில் மெட்டையும் இடது கையில் இரண்டே கார்டுகளையும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுதிகளையும்) கொடுங்கள். கார்டு பாடம் வேறு எப்படிக் கற்பித்தாலும் இவ்வளவு விரைவில் ஏறாது. சினிமாப் பாட்டு கேட்காதவர்கள் பெத்தோவனின் 'ஃபியூர் எலீஸ்' கேட்பார்கள். அவர் 1810-இல் எழுதி, அவர் இறந்து 40 ஆண்டுகள் கழித்து 1867-இல் அச்சேறிய அந்த உருப்படியில் பலருக்கும் தெரிந்தது முதல் ஒன்பது ஸ்வரங்கள் மட்டுமே. நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போதெல்லாம் அந்த ஒன்பதும் அதிவேகத்தில் கேட்கும். அதைத் தடுக்க வேண்டாம். நடுப்பகுதிகள் எவ்வளவு கடினமானவை என்பதை மட்டும் பெற்றோருக்கு ஒரு முறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.

நான் கடுமையாக எதிர்ப்பது இன்னொன்றை. லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு தேர்வின் வழக்கமான முறையில் ஒரு கிரேடுக்கு மூன்று உருப்படிகள் வாசிக்க வேண்டும். அந்த மூன்றையே ஆண்டு முழுவதும் உருப்போட வைத்துச் சான்றிதழ் வாங்கித் தருவது எளிது. அப்படி மூன்றாம் கிரேடு தேறிய பிள்ளையிடம், முதல் கிரேடு அளவுக்கு ஒரு புதிய பாட்டைக் கொடுத்தால் விழிக்கும். வாரம் ஒரு புதிய சின்னஞ்சிறு பாட்டையாவது பார்த்த மாத்திரத்தில் வாசிக்கப் பழக்குங்கள். தேர்வு ஓராண்டு தள்ளிப்போனாலும் போகட்டும்.

வீட்டு நடைமுறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணத்தை வகுப்புக் கணக்கில் அல்லாமல் மாதக் கணக்கில், முன்கூட்டியே வாங்குங்கள். இல்லையென்றால் ஐந்து சனிக்கிழமைகள் வரும் மாதங்களில் கணக்குப் பாடம்தான் நடக்கும். பள்ளி ஆண்டுத் தேர்வுக் காலத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்று இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நகவெட்டியும் கை துடைக்கத் துண்டும் பியானோவுக்கு அருகிலேயே இருக்கட்டும். முறுக்கு எண்ணெயோடு வரும் விரல்களுக்குக் குறைவிருக்காது. ஆயுத பூஜையன்று மூடிக்கு மட்டும் சந்தனம் வையுங்கள். ஒரு முறை அன்பு மிகுதியால் ஒரு பாட்டி கட்டைக்கொரு பொட்டு வைத்துவிட்டார். நான் இடுக்குகளைச் சுத்தம் செய்து முடிக்க விஜயதசமியும் கடந்துவிட்டது.

சரியாகச் சொல்லிக்கொடுக்கிறீர்களா என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் ஒன்றே ஒன்றுதான். தவறு நேரும்போது, நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன் பிள்ளை தானே நின்று, பின்னோக்கிப் போய்த் திருத்திக்கொள்கிறதா என்று கவனியுங்கள். இது ஏழு மாதத்தில் எல்லோரிடமும் வராது. ஆறு பேரில் ஒருவரிடம் தென்பட்டாலே நான் மகிழ்வேன். 37 கட்டைப் பையன் அந்த நிலைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் வாசித்துக்கொண்டே வந்து நின்றவன், நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், "பேசாதீர்கள் மிஸ், எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றான். அவ்வளவு மரியாதைக் குறைவான பேச்சு எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். வீட்டில் வாத்தியம் இருக்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்பும்படி ஆறு வீடுகளுக்கும் செய்தி அனுப்புங்கள். கட்டிலில் இருந்தால் தலையணையும் நாற்காலியும் போதும். பெட்டியோடு பரணில் இருந்தால், அடுத்த வகுப்பைப் பிள்ளைக்கு அல்ல, பெற்றோருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.