ஸ்பானிஷ்ல "போயிருந்தேன்" எப்படி சொல்றது? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: அக்கா, இந்த பாஸ்ட் பெர்ஃபெக்ட் எப்போ போடணும்?

முடிஞ்சுபோன ரெண்டு விஷயத்துல எது முந்தி நடந்துச்சுன்னு காட்டணும்னா போடுங்க. "நான் போனப்போ ட்ரெயின் கிளம்பியிருந்துச்சு": குவாந்தோ யெகே, எல் த்ரென் யா அபீயா சலீதோ. நம்ம இருந்துச்சு வர்ற எடத்துல அங்க அபீயா, அவ்ளோதான், நமக்கு லட்டு மாதிரி. ஆனா "நேத்து மதுரைக்கு போயிருந்தேன்"னு முன்ன பின்ன எதுவும் இல்லாம சும்மாவே சொல்லுவோம்ல, அங்க அபீயா ஈதோ போட்றாதீங்க, வெறும் ஃபுயி (போனேன்) போதும். நானே விழுந்து எழுந்த குழி இது.

கே: "எழுதியிருந்தேன்"க்கு அபீயா எஸ்க்ரிபிதோன்னு எழுதினேன், மார்க் போச்சு.

எஸ்க்ரிதோ. எச்சோ (செஞ்சு), திச்சோ (சொல்லி), பிஸ்தோ (பாத்து), புவெஸ்தோ (வச்சு), ரோத்தோ (உடைச்சு) எல்லாம் இதே கேஸ்தான், ரூலுக்கு அடங்காது, மனப்பாடம் பண்ணுங்க.

கே: மரியா கிளம்பியிருந்தான்னா அபீயா சலீதாவா மேடம்?

சலீதோதான். அபீயா கூட வந்தா ஆம்பள பொம்பள, ஒருமை பன்மை எதுவும் கிடையாது. கதவு திறந்து கிடந்துச்சுன்னா லா புவெர்தா எஸ்தாபா அபியெர்தா, அங்க மாறும். அப்புறம் ரெண்டுக்கும் நடுவுல எதையும் சொருகாதீங்க, "அவன பாத்ததில்ல"ன்னா நோ லோ அபீயா பிஸ்தோ, அவனங்கற லோ முன்னாடியே நிக்கணும்.

கே: ஸ்பானிஷ்ல போர், பாரா ரெண்டும் "காக"தான, என்ன வித்தியாசம்?

இன்னைக்கு இல்ல தம்பி.

கே: கூட வேலை பாக்குற பொலிவியாக்காரர் நான் செஞ்ச பரோட்டாவ தின்னுட்டு "அபீயாஸ் சபீதோ கொசினார்"னார். தப்பா பேசறாரா?

ஐயோ, எனக்கு புடிச்ச கேள்வி! தப்பே இல்ல. "அட, உனக்கு சமைக்க தெரியுமா, இவ்ளோ நாள் தெரியாம போச்சே"ன்னு ஆச்சரியப்படறார். ஆண்டிஸ் மலைப்பக்கம் அப்படித்தான். அங்க கேச்சுவா, அய்மாரான்னு அந்த மண்ணோட பழைய மொழிங்க பேசுறவங்க கண்ணால பாத்தத ஒரு மாதிரியும் பின்னால தெரிஞ்சுக்கிட்டத வேற மாதிரியும் சொல்லுவாங்க, அந்த வழக்கம் ஸ்பானிஷுக்குள்ளயும் எறங்கி, பின்னால தெரிஞ்சதுக்கு அபீயா போட்றாங்க. காலைல வாசல் நனைஞ்சிருந்தா நாம "ராத்திரி மழை பெஞ்சிருக்கு"ன்னுதான சொல்றோம், "பெஞ்சுச்சு"ன்னா சொல்றோம்?

கே: அதெல்லாம் கொச்சை அக்கா. மாட்ரிட்ல சொன்னா சிரிப்பாங்க, பரீட்சைல முட்டைதான்.

பரீட்சைல எழுதுங்கன்னு சொன்னேனா? மாட்ரிட்ல இல்லாததெல்லாம் கொச்சைன்னா, அங்க "நீங்கல்லாம்"னு பேச வர்ற போசோத்ரோஸ் அபீயாயிஸ் லத்தீன் அமெரிக்காவுல சாதாரண பேச்சுல கிடையாது, அப்போ அதுவும் கொச்சையா? நாகர்கோவில் பேச்ச கேட்டு மெட்ராஸ்காரர் சிரிச்சா நாகர்கோவில் தமிழ் தப்பாயிடுமா?

கே: எஸ்க்ரிபிதோ ஏன் தப்பு?

மேல படிங்க.

கே: "நேத்து சினிமாவுக்கு போயிருந்தேன்", அயெர் அபீயா ஈதோ அல் சினே, கரெக்டா அக்கா?

ஃபுயி. ஃபுயி. ஃபுயி!