அவன் ஏன் அங்கே போனான்?

கேள்வி: சென்ற இதழில், செயலி மூலம் பழகி வரவழைத்து நாலு பேர் அடித்துப் பிடுங்கிய ஓர் இளைஞரைப் பற்றி உருகி எழுதியிருந்தீர்கள். அடித்தது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஓர் ஆணைப் பார்க்க ராத்திரி பத்து மணிக்கு அவன் ஏன் அங்கே போனான்? குடும்பப் பத்திரிகையில் இந்த விவகாரம் எதற்கு? (என் பெயரைப் போட வேண்டாம்.)
– ஒரு நெடுநாள் வாசகர்

பதில்: பழகத்தான் போனார். இருபத்திரண்டு வயதில் உங்களுக்கும் எனக்கும் இருந்த அதே ஆசைதான் அவருக்கும். நமக்கு அதற்கு ஊரே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. கல்லூரி வாசல், தேர்த் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம், கடைசியில் பஜ்ஜி சொஜ்ஜியோடு பெண் பார்க்கும் நாள். ஆணை விரும்பும் ஓர் ஆணுக்கு நம் ஊர்களில் அப்படி ஓர் இடம் காட்டுங்கள். பகலில், நாலு பேர் நடமாடும் தெருவில் சந்திக்க நாம் விடவில்லை. அதனால் பைபாஸ் ஓரம், இருட்டில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘அடித்தது தப்புதான்’ என்பதற்கு அப்புறம் வரும் அந்த ‘ஆனால்’. அந்தக் கும்பலின் தொழிலே இந்த ‘ஆனால்’ மேல்தான் நடக்கிறது. எப்படி என்று பாருங்கள். ஒருவன் போலிப் படம் வைத்துக் கணக்கு தொடங்குகிறான். நாலு நாள் இதமாகப் பேசுகிறான். வரச் சொல்லும் இடத்தில் மூன்று பேர் மறைந்திருக்கிறார்கள். அடி விழுகிறது. சட்டையைக் கழற்றச் சொல்லி வீடியோ எடுக்கிறார்கள். போனைப் பிடுங்கி, ரகசிய எண்ணைச் சொல்லச் சொல்லி, கணக்கில் இருப்பதை அங்கேயே மாற்றிக்கொள்கிறார்கள். “போலீசுக்குப் போனா இதை உங்க அப்பாவுக்கு அனுப்புவோம்” என்கிறார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பணம் கேட்கிறார்கள்.

நகைக்கடையைக் கொள்ளையடிப்பவன் போலீஸ் வரும் என்று பயந்துகொண்டே திருடுகிறான். இவர்களுக்கு அந்தப் பயமே இல்லை. அடிபட்டவன் வாய் திறக்க மாட்டான், திறந்தாலும் ஊர் முதலில் அவனிடம்தான் ‘ஏன் போனாய்’ என்று கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி போய்ச் சேரும் இடம் அதுதான்.

செய்தித்தாள்களுக்கும் இதில் பங்கு உண்டு. இப்படிப்பட்ட வழக்குகளில் தலைப்பு பெரும்பாலும் ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல்லில்தான் தொடங்கும். கொள்ளையடித்தவன் இரண்டாம் பத்தியில்தான் வருவான். ஒரு மனிதனின் ஈர்ப்பை, அன்பை, துணை தேடும் ஏக்கத்தை வெறும் சேர்க்கையாகச் சுருக்கும் சொல் அது. எங்கள் பழைய இதழ்களிலும் அதைத்தான் போட்டிருக்கிறோம். தவறு செய்தோம். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, தமிழக அரசு 2022-இல் இதற்கென்றே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. மரியாதையான சொல் இல்லை என்று இனி எந்த ஆசிரியரும் சொல்ல முடியாது.

அடிபட்டவரையே குற்றவாளி ஆக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ராமச்சந்திர சிராஸ். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர். கவிஞர். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. 2010 பிப்ரவரி 8 அன்று அவர் வீட்டுக்குள் கேமராவோடு ஆட்கள் புகுந்தார்கள். இன்னோர் ஆணோடு அவர் தனிமையில் இருந்ததைப் படம் பிடித்தார்கள். அவர் எங்கும் போகவில்லை ஐயா, கதவைச் சாத்திக்கொண்டு தன் வீட்டில்தான் இருந்தார். பல்கலைக்கழகம் அவரைத்தான் இடைநீக்கம் செய்தது. ஏப்ரல் 1 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த இடைநீக்கத்தை நிறுத்தி வைத்தது. அவர் ஜெயித்துவிட்டார் என்று நண்பர்கள் மகிழ்ந்தார்கள். ஏப்ரல் 7 அன்று, வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் இறந்து கிடந்தார்.

‘வீட்டோடு ஒழுங்காக இருந்திருக்கலாமே’ என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலருக்கு முதல் அடி வீட்டில்தான் விழுகிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், 25 வயதுப் பெண் ஒருவரை மீட்டுத் தரக் கேட்டு, அவரோடு உறவில் இருந்த தோழி ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். போலீஸ் அந்தப் பெண்ணைப் பெற்றோரோடு போகும்படி கட்டாயப்படுத்தியிருக்கிறது. வீட்டில் அடித்திருக்கிறார்கள். ‘சரியாக’ வேண்டும் என்று சடங்குகள் செய்திருக்கிறார்கள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவரிடம் நேரில் பேசி, விருப்பம்போல் போகலாம் என்று விடுவித்தார்கள். போலீசின் மெத்தனத்தைக் கண்டித்தார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, தானே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று எழுதினார்கள். குடும்பப் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பாலைச் சேர்ந்த, வயது வந்த இருவர் விருப்பத்தோடு பழகுவது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அதில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா, இவ்வளவு தாமதத்துக்கு இந்த மக்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். ஆக, அந்த இளைஞர் போனதில் குற்றமில்லை. மிரட்டிப் பணம் பறித்ததற்கோ, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை உண்டு. கொள்ளை, காயப்படுத்துதல், அடைத்து வைத்தல் எல்லாம் தனித்தனிக் குற்றங்கள்.

ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்த இந்தப் புதிய சட்டத்தில், ‘இயற்கைக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தின் 377-ஆம் பிரிவு முழுக்கவே போய்விட்டது. விருப்பத்தோடு பழகுபவர்களுக்கு அதனால் நன்மைதான். ஆனால் வயது வந்த ஓர் ஆண்மீது இன்னோர் ஆண் செய்யும் பாலியல் வன்கொடுமையைத் தண்டிக்க இருந்த ஒரே பிரிவும் அதோடு போயிற்று. பாலியல் வல்லுறவு பற்றிய 63-ஆம் பிரிவு பெண்ணுக்கு எதிரான குற்றத்தை மட்டுமே பேசுகிறது. கட்டாயப்படுத்திச் செய்வதற்கான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இலேயே சொன்னது. அரசு கேட்கவில்லை. அந்தக் கும்பல் இன்னும் மோசமாக எதையாவது செய்திருந்தால், நடந்த கொடுமைக்குரிய பெயரில் வழக்குப் போடக்கூட முடிந்திருக்காது. இதைக் கேட்டு எனக்குத் தூக்கம் போயிற்று. உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

உங்களிடம் ஒருவர் வந்து “என்னை அடிச்சிட்டாங்க” என்று சொன்னால் என்ன செய்யலாம்? முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். காயத்தை விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, அந்தப் பதிவின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்கிக்கொள்ளுங்கள். பயத்தில் செயலியையும் உரையாடலையும் அழித்துவிடுவார்கள். சாட்சியமே அதுதான், அழிக்க விடாதீர்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும், இணையக் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை மடக்க வாய்ப்பு. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. மறுத்தால் எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். இந்த மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலேயே 2022-இல் சேர்த்திருக்கிறார்கள். அதை அங்கே நினைவுபடுத்தலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. மனம் உடைந்து போயிருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-இல் பேசச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்ய முடியாவிட்டாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவரைக் கேட்காமல் அவர் வீட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள். நல்லது என்று நினைத்துச் சொன்னதால் இரண்டாவது முறை அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. அந்த இளைஞரும் எங்களிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். சென்ற இதழில் இடமில்லாமல் விட்டுப்போன ஒரு விஷயத்தை மட்டும் இங்கே சேர்க்கிறேன். அன்றிரவு சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தத்தோடு அவர் நடந்து வந்தபோது, ஒரு டீக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து, “யாருப்பா அடிச்சது?” என்று கேட்டாராம். வேறு எதுவும் கேட்கவில்லை. தன் போனை எடுத்து நீட்டினார். பிடுங்கப்பட்ட போனோடு எல்லா எண்களும் போய்விட்டன. மனப்பாடமாகத் தெரிந்தது அக்காவின் எண் ஒன்றுதான். விடிவதற்குள் அக்கா வந்துவிட்டார்.