மிக்ஸியைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி

அன்புள்ள அம்மாவுக்கு,

மகனுக்கு டிஸ்லெக்சியா என்ற மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து உறக்கமில்லை என்றும், பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவனை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவன் தவறாக எழுதும் சொற்களுக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்கிய நீங்கள், ஓடாமல் கிடந்த மிக்ஸியைத் தானே பிரித்துச் சரிசெய்தான் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது.

டிஸ்லெக்சியா என்பது எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் ஏற்படும் சிரமமே தவிர, அறிவுக் குறைவு அன்று. அது உள்ளவர்களில் சிலர் உருவங்களாகச் சிந்திப்பதிலும், சிலர் வாய்மொழியாக விளக்குவதிலும் தேர்ந்திருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே திறன் வாய்க்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஆகவே, உங்கள் மகனுக்குரியது எது என்பதை அவனைக் கவனித்துத்தான் அறிய வேண்டும். பழுதை ஓசையால் கண்டுபிடித்தானா, கழற்றிய பாகங்களை வரிசையாக அடுக்கினானா, செய்ததைப் பிறருக்குப் புரியும்படி சொன்னானா என்பவற்றை ஒரு மாதம் குறித்து வையுங்கள்.

2009இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அறிவியலாளர் கரோல் கிரைடரும் டிஸ்லெக்சியா உள்ளவர்தான்; எழுத்துக்கூட்ட இயலாமல் சிறு வயதில் தம்மை மந்தமானவராக எண்ணியவர். சொற்களை அப்படியே மனனம் செய்து சமாளித்த அந்தப் பழக்கம், பின்னாளில் வேதியியல் படிப்பில் கைகொடுத்தது. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் அவருடைய மதிப்பெண்கள் குறைவு. ஆயினும் ஆய்வகத்தில் அவர் செய்திருந்த வேலையைப் பார்த்து பெர்க்லி பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்துள்ளது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக இப்போதே விண்ணப்பியுங்கள். சலுகை கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. வாசிப்புப் பயிற்சியையும் நிறுத்த வேண்டாம்.

பிரிவைப் பொறுத்தவரை, பாலிடெக்னிக்கையும் பரிசீலியுங்கள். படிக்க வராதவர்கள் போகும் இடமென்று அதை நினைப்பது பெரும் தவறு. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் அவனைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். அடுத்த முறை அவனையும் அழைத்து வாருங்கள். முடிந்தால் அந்த மிக்ஸியையும் கொண்டு வாருங்கள். அவனே அதைப் பிரித்துக் காட்டி எனக்கு விளக்கட்டும்.