பாலகந்தர்வர்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

மராத்தி நாடக நடிகர் பாலகந்தர்வரைப் பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதியிருந்தேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. புனேயில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவன் நான். அவர் பாட்டைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் போகாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி): பெயரே புதிதாக இருக்கிறது அண்ணா. யார் இவர்?

இயற்பெயர் நாராயண் ஸ்ரீபாத் ராஜஹன்ஸ். 1888 ஜூன் 26 பிறப்பு. சிறுவனாகப் புனேயில் பாடியபோது அதைக் கேட்ட திலகர் வைத்த பெயர்தான் ‘பாலகந்தர்வ’ என்று சொல்வார்கள். 1905-ல் கிர்லோஸ்கர் நாடக மண்டளியில் சேர்ந்தார். அப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்காது. கோலாப்பூர் ஷாஹூ மகாராஜாதான் மிரஜில் வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார். பாஸ்கர்புவா பக்லேயிடம் பாட்டுப் பயிற்சி. 1913-ல் கோவிந்தராவ் டெம்பே, கணபத்ராவ் போடஸ் இருவரோடும் சேர்ந்து கந்தர்வ நாடக மண்டளியைத் தொடங்கினார். சகுந்தலை, பாமினி, ருக்மிணி, சிந்து என்று பேர் வாங்கிய வேஷம் எல்லாமே பெண் வேஷம்.

கேள்வி (மதுரை): ஆண் ஒருவர் பெண் வேஷம் கட்டினால் ஜனங்கள் சிரிக்க மாட்டார்களா?

அந்தக் காலத்து மராத்தி மேடையில் அதுதான் வழக்கம். இவர் விஷயத்தில் நடந்தது வேறு. ஒன்பது கஜம் கட்டுகிற விதம், மூக்கில் நத்து, கொண்டையில் பூச்சரம் எல்லாவற்றையும் வீட்டுப் பெண்கள் பார்த்துவிட்டுப் போய் அதேபோல் செய்துகொண்டார்கள். ஆனால் புடவையையும் அழகையும் மட்டும் பேசிவிட்டு விடுவது அவருக்குச் செய்கிற அநியாயம். 1919-ல் மேடையேறிய ‘ஏகச் ப்யாலா’வைப் பாருங்கள். ராம் கணேஷ் கட்கரி எழுதியது. மேடையில் பார்க்க அவர் உயிரோடு இல்லை, பாட்டுகளை விட்டல் சீதாராம் குர்ஜர் எழுதிச் சேர்த்தார். அதில் சிந்து குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். பட்டுப்புடவைக்குப் பேர் போன நடிகர் அதில் ஒட்டுப்போட்ட புடவையோடு வந்து நின்றார். கூட்டம் அழுதது.

கேள்வி (கோவை): மகள் இறந்த அன்றைக்கே நடித்தாராமே, உண்மையா?

உண்மைதான். 1911 மார்ச் 12, பம்பாயில் ‘மானாபமான்’ நாடகத்தின் அரங்கேற்றம். அன்றைக்குத்தான் கைக்குழந்தை இறந்தது. அவர் பாமினியாக மேடை ஏறினார். இதை வீரக்கதையாகச் சொல்கிறவர்கள் நிறைய. எனக்கு அப்படிச் சொல்ல மனசு வருவதில்லை. ஒரு கம்பெனி முழுக்க, சமையல்காரர் வரைக்கும், அந்த முதல் ராத்திரியை நம்பி இருந்திருக்கும். இருபத்திரண்டு வயது அப்பா பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

கேள்வி (சென்னை, இசை மாணவி): பாட்டில் அப்படி என்ன விசேஷம் ஐயா?

நீ கேட்டதுதான் முக்கியமான கேள்வி, அம்மா. 1916-ல் வந்த ‘ஸ்வயம்வர்’ நாடகத்தில் ருக்மிணி பாடுகிற ‘நாத ஹா மாஜா’வை எடுத்துக்கொள். யமன் ராகம், நம் கல்யாணிக்குப் பக்கத்து வீடு. ‘இவன் என் நாதன்’ என்கிற அந்த மூன்று சொல்லையே திரும்பத் திரும்பப் பாடுவார். ஒரு தடவை பெருமை, அடுத்த தடவை வெட்கம், அப்புறம் ‘எனக்கே எனக்கா?’ என்று ஒரு திகைப்பு. ‘தான்’ என்கிற வேகமான ஸ்வரச் சங்கதிகளும் போடுவார், ஆனால் சின்னதாக. சொல்லை மூடுகிற அளவுக்குப் போகாது. மராத்தி தெரியாத என் அம்மா ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே இதைக் கேட்டுவிட்டு, “யாரோ கல்யாணப் பொண்ணு பாடறா” என்றாள். பாடியது ஆண் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து போடச் சொன்னாள்.

இசைத்தட்டில் மூன்று நிமிஷத்துக்குள் முடித்தாக வேண்டும். மேடையில் கூட்டம் ‘ஒன்ஸ் மோர்’ கேட்கக் கேட்கப் பாட்டு வளர்ந்துகொண்டே போகும், நாடகம் முடிய விடிந்துவிடும். பக்கவாத்தியமும் லேசுப்பட்டதில்லை. தபலா மேதை அகமத் ஜான் திரக்வாவே அந்தக் கம்பெனியில் வாசித்தவர்.

கேள்வி (பெங்களூரு): போட்டியாளரோடு சேர்ந்து நடித்தாராமே?

ஆமாம். லலித்கலாதர்ஷ் கம்பெனியின் கேசவ்ராவ் போசலே. 1921 ஜூலை 8, பம்பாய், திலகர் ஸ்வராஜ்ய நிதிக்காக இரண்டு கம்பெனியும் சேர்ந்து ‘மானாபமான்’ போட்டார்கள். போசலே கதாநாயகன் தைரியதரன், இவர் நாயகி பாமினி. அதே வருஷம் அக்டோபரில் போசலே காலமாகிவிட்டார்.

கேள்வி (சேலம்): இவ்வளவு புகழ் இருந்தும் கடனில் சிக்கியது எப்படி?

மேடையில் எதுவும் போலியாக இருக்கக்கூடாது அவருக்கு. உடை, நகை, திரை, அத்தர் எல்லாம் அசல். கணக்குப் பார்க்கிற புத்தி கிடையாது. கூட்டாளிகளும் விலகிப் போய்விட்டார்கள். கடன் அவர் தலையில். அவர் அதை அடைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குள் பேசும் படம் வந்துவிட்டது, பெண்களே மேடைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

கேள்வி (தூத்துக்குடி): சினிமாவில் நடித்தாரா?

1935-ல் பிரபாத் பிலிம் கம்பெனி எடுத்த ‘தர்மாத்மா’வில் மராத்தி பக்திக்கவி ஏக்நாதராக, ஆண் வேஷத்தில். சாந்தாராம் இயக்கம். ‘மகாத்மா’ என்று வைத்த பெயரைத் தணிக்கை மாற்ற வைத்தது. அவருக்குக் கேமரா ஒத்துவரவில்லை. எதிரில் ஜனம் இல்லாமல் அவரால் எப்படிப் பாட முடியும்?

கேள்வி (தஞ்சாவூர்): மராத்தி நாடகத்துக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. விஷ்ணுதாஸ் பாவே சாங்லியில் 1843-ல் நாடகம் போட்டதை மராத்தி மேடையின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே உங்கள் ஊர் மராத்திய மன்னர் ஷாஹாஜி மராத்தியில் நாடகம் எழுதியிருக்கிறார்.

கேள்வி (திருநெல்வேலி): கடைசிக் காலம் எப்படி இருந்தது? எந்தப் பாட்டிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

கால் விழுந்துவிட்டது. கர்நாடகத்திலிருந்து வந்த பாடகி கோஹர்பாயை 1951-ல் மணந்தார். ஊர் அந்த அம்மாவைப் பேசாத பேச்சில்லை. ஆனால் நடக்க முடியாத காலத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்டது அவர்தான். 1964-ல் பாலகந்தர்வருக்குப் பத்ம பூஷண். 1967 ஜூலை 15-ல் புனேயில் காலமானார். அவர் கையாலேயே அடிக்கல் நாட்டிய பாலகந்தர்வ ரங்கமந்திர் அடுத்த வருஷம் அவருடைய பிறந்தநாளில் திறக்கப்பட்டது.

கேட்க ஆரம்பிக்க ‘ஜோஹார் மாய்பாப் ஜோஹார்’. கோவிலுக்குள் விடப்படாத மஹார் சாதியில் பிறந்த பக்திக்கவி சோகாமேளாவின் அபங்கம், அதாவது மராத்தி பக்திப் பாட்டு. 1931-ல் ‘கான்ஹோபாத்ரா’ நாடகத்துக்காக மாஸ்டர் கிருஷ்ணராவ் மெட்டமைத்தது. பசியோடு வந்திருக்கிறேன், உங்கள் எச்சில் சோற்றுக்காக வந்திருக்கிறேன் என்று விட்டலனிடம் கேட்கிற இடம் வரும்போது குரல் இறங்கும். அங்கே வால்யூமைக் கூட்டாதீர்கள், பக்கத்தில் போய்க் கேளுங்கள்.