ஹிப் இம்பிஞ்மென்ட் என்றால் ஆபரேஷன்தானா?

கேள்வி: வயது 34, கோத்தகிரி. ஞாயிறு தவறாமல் கால்பந்து ஆடுவேன். தொடை இடுக்கில் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஹிப் இம்பிஞ்மென்ட், அதாவது இடுப்பு மூட்டில் எலும்பு இடிக்கிறது என்கிறார்கள். ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா?

பதில்: உடனே வேண்டியதில்லை. நானும் நம்ம ஊர்தான், இதே வலியோடு ஒன்றரை வருடம் இழுத்தடித்தவன். அதில் முதல் எட்டு மாதம் வீண். சதைப்பிடிப்பு என்று நானே முடிவு செய்து, தினமும் காலையில் மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு சேர்த்து இறுக்குவேன். பவனமுக்தாசனம். வலி கூடிக்கொண்டே போனது.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. தொடை எலும்பின் தலை பந்து மாதிரி. இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் சுழல்கிறது. பந்துக்குக் கீழே கழுத்துப் பக்கம் எலும்பு புடைத்திருந்தால் அது கேம் வகை. கிண்ணத்தின் விளிம்பு கூடுதலாக மூடியிருந்தால் பின்சர். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். காலை நன்றாக மடக்கி உள்பக்கம் திருப்பினால் எலும்பும் எலும்பும் இடித்துக்கொள்ளும். நடுவில் லேப்ரம் என்கிற குருத்தெலும்பு வளையம் நசுங்கும், நாளடைவில் கிழியவும் செய்யும். நான் தினமும் காலையில் சிரத்தையாக அதைத்தான் நசுக்கிக்கொண்டிருந்தேன்! மேட்டுப்பாளையம் பஸ்ஸில் முழங்கால் முன்சீட்டில் முட்ட உட்கார்ந்து போய் இறங்கினால் முதல் நாலடி நொண்டுவதும் இதனால்தான்.

கோவையில் டாக்டர், "எங்க வலிக்குது, காட்டுங்க" என்றார். கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் இருக்க, இடுப்பைப் பக்கவாட்டில் கவ்விப் பிடித்துக் காட்டினேன். "பாதிப் பேர் இப்படித்தான் காட்டுவாங்க" என்று சிரித்துவிட்டு, காலை மடக்கி உள்பக்கம் திருகினார். கத்திவிட்டேன்.

அவர் சொன்னதில் முக்கியமானது இது: எக்ஸ்ரேயில் புடைப்பு தெரிவது மட்டும் நோய் ஆகாது. வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு, குறிப்பாக எலும்பு வளரும் வயதில் தீவிரமாக விளையாடியவர்களுக்கு. வலி, பரிசோதனை, படம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

சரி, என்ன செய்தேன்? முதலில் ஆழமாக மடக்குவதை நிறுத்தினேன். மணையில் உட்காருவதில்லை, வெஸ்டர்ன் டாய்லெட், பந்துக்கு இரண்டு மாதம் லீவு. பிசியோ சொல்லிக்கொடுத்தபடி பிட்டத் தசைக்கும் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி: மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது, ஒற்றைக்காலில் நிற்பது. சலிப்பான வேலைதான். ஆறாவது வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை, பன்னிரண்டாவது வாரத்தில் படியேறுவது லேசானது. செங்குத்தான ஏற்றத்தில் எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வைக்கப் பழகினேன்.

ஆபரேஷன் வீண் என்று சொல்லவில்லை. சிறு துளை வழியாகப் புடைப்பைச் செதுக்கி, கிழிந்த லேப்ரத்தைத் தைப்பார்கள். பிரிட்டனில் 348 பேரை வைத்து நடந்து, 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் ஒரு வருடம் கழித்து ஆபரேஷன் தரப்பு, பிசியோ பயிற்சித் தரப்பு இரண்டுமே தேறியிருந்தது. இடுப்பு எப்படி இருக்கிறது என்று அவர்களே சொன்னதை வைத்துப் போட்ட மதிப்பெண்ணில் ஆபரேஷன் தரப்பு நூற்றுக்கு ஏழு புள்ளி போல முன்னே. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தேறாவிட்டால் அந்த ஏழு புள்ளிக்கு மதிப்பு உண்டு. மூட்டு ஏற்கெனவே நன்றாகத் தேய்ந்தவர்களுக்குப் பலன் குறைவு. விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ இந்தப் பதிலையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் இப்போது டிஃபன்ஸில் ஆடுகிறேன், முன்னால் ஓட்டம் அதிகம் என்பதால். பஸ்ஸில் மட்டும் இன்றும் நடைபாதை ஓர சீட்டுதான், கால் நீட்டிக்கொள்ளலாம்.